நாலாம் நம்பர் தொட்டி

கப்பல் வடிவமைக்கும் ஆபீசில் நான் எடைக்காரி. ரோந்துக் கப்பலில் ஏறும் ஒவ்வொரு போல்ட்டும் என் பதிவேட்டில் ஏற வேண்டும். பெயின்ட் எத்தனை கோட் என்று கேட்டுக் கேட்டே ஊர் வெறுப்பைச் சம்பாதித்தவள்.

நாங்கள் வரைந்த கப்பல் ஒன்றில் என் தம்பி இன்ஜின் மெக்கானிக். மதியம் கடலுக்குக் கிளம்பும்போது ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். ஈயென்று இளித்துக்கொண்டு நிற்கிறான். என் கண் அவனுக்குப் பின்னால் போயிற்று. மேலே, கப்பலை ஓட்டும் அறையைச் சுற்றிப் புத்தம்புதிய இரும்புத் தகடு. குண்டுக்குத் தடுப்பாம். வேறு துறைமுகத்தில் யாரோ பற்றவைத்திருக்கிறார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

படத்தை வைத்தே குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டேன். நான்கு டன், அதுவும் உச்சியில். சாயங்காலம் காற்று வலுக்கும் என்று அறிவிப்பு வேறு. அந்தக் காற்றில் நன்றாகச் சாய்ந்தால் கப்பல் நிமிராது. மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

கடற்படை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "கடிதமா அனுப்புங்க மேடம், மேல வெக்கிறோம்" என்றார் அதிகாரி.

"அதுக்குள்ள கப்பல் கீழ போயிடும் சார்."

போனை வைத்துவிட்டார்.

தம்பி நான்காவது முயற்சியில் கிடைத்தான்.

"டேய், அடியில நாலாம் நம்பர் தொட்டி இருக்கில்ல, அதுல கடல்தண்ணி ஏத்து. இப்பவே."

"அது காலியா இருந்தாத்தான் ஸ்பீடு வரும்னு கேப்டன் சொல்லியிருக்காருக்கா. கேட்டா கத்துவாரு."

"கத்தட்டும். மேல கனம் கூடிப்போச்சு, கவுந்துடும்டா. கால்ல விழுந்தாவது சம்மதம் வாங்கு."

"சரி சரி, நான் பேசிக்கிறேன்." லைன் அறுந்தது.

பேசிவிடுவான். அப்பாவும் அம்மாவும் டிவி ரிமோட்டுக்கு அடித்துக்கொண்டால் ஆளுக்கு அரைமணி என்று தீர்த்து வைப்பவன். வீட்டில் அவனுக்கு ஜட்ஜய்யா என்றே பெயர். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தண்ணீர் குடிக்க எழுந்தபோதுதான் சொல்லாமல் விட்டது உறைத்தது. அந்தத் தொட்டி கப்பலின் அகலம் முழுக்க விரிந்தது. முழுக்க நிறைந்தால் கப்பலைப் பிடித்து நிறுத்தும். பாதி நிறைந்தால், கப்பல் சாயும் பக்கமே தண்ணீரும் ஓடி இன்னும் சாய்க்கும். தாம்பாளத்தில் தண்ணீர் ஏந்தி நடந்தவர்களுக்குத் தெரியும். பாதிக்குக் காலியே மேல். எங்கள் ஆபீசில் இது அரிச்சுவடி. அரிச்சுவடியை யார் வாய்விட்டுச் சொல்வார்கள்? நான் சொல்லவில்லை.

பதினாறு முறை கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. பிறகு ஒரு செய்தி வந்தது.

"சம்மதிக்க வெச்சுட்டேன்க்கா. அவரு வேணாம்னாரு, நீ வேணும்ன. ரெண்டு பேருக்கும் பொதுவா பாதி ரொப்பியாச்சு. நிம்மதியா இரு."

'முழுசா ரொப்பு, இல்லன்னா காலி பண்ணு' என்று அனுப்பினேன். ஒற்றை டிக். மறுபடி அனுப்பினேன். அதற்கும் ஒற்றை டிக். வெளியே மரங்கள் ஆட ஆரம்பித்திருந்தன.

மறுபடி கடற்படை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அதே அதிகாரி.

"உங்க கடிதம் வந்திருக்கான்னு பாக்கறேன் மேடம். லைன்ல இருங்க."

லைனில் இருந்தேன். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்தத் தொட்டி காலியாகவாவது இருந்திருக்கும்.