டுஃபெக்கின் ஒற்றைக் கேள்வி

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்குகளை எடைபோடுவதில், ஒரு தொழில்முறை அணிக்கு ஆள் தேடும் ஹார்லன் டுஃபெக்குக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. பையன் எத்தனை யார்டு எறிந்தான், எத்தனை டச்டவுன் என்பதெல்லாம் அவருக்குக் கால் தூசு. டிவியில் கோட்டு மாட்டிக்கொண்டு "இவன்தான் அடுத்த ராஜா" என்று கூவுகிறவர்களைக் கண்டாலே ஆகாது. ஆளைப் பார்க்க வேண்டும், ஆளை! அதற்கென்றே ஒரு கேள்வி வைத்திருந்தார்.

தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் ஏப்ரலுக்கு முன்னால், கல்லூரிப் பையன்கள் எல்லோரும் இண்டியானாபொலிஸுக்கு வந்து சந்தை மாடுகள் மாதிரி பல்லையும் தொடையையும் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஓட்டல் அறையில் டுஃபெக்குக்கு எதிரே லூயிசியானாக்காரன் டேரியன் ப்ரூசார்ட் உட்கார்ந்திருந்தான். டுஃபெக் திரையில் ஒரு காட்சியை ஓட்டி நிறுத்தினார். டேரியன் எறிந்த பந்து எதிரணிக்காரன் கையில் விழுந்து, கடைசி ஆட்டமே பறிபோன காட்சி.

"இது யார் தப்பு?"

"என் தப்புதான் சார்."

பந்து போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருந்தது. அதைப் பிடிக்க வேண்டிய அவன் அணிக்காரன் மார்லோ வேறு பக்கம் ஓடிவிட்டான். டுஃபெக்குக்கு அது தெரியும். பையன் தேறிவிட்டான் என்று அங்கேயே விட்டிருக்கலாம். விடவில்லை.

"இந்தப் பெரிய மனுஷத்தனமெல்லாம் மைக் முன்னாடி வச்சுக்க தம்பி. ஆட்டம் புரியாதவன்னு எழுதிடட்டுமா?"

டேரியன் நெளிந்தான். "சொன்னா இந்த ரூமைத் தாண்டாதே சார்?"

"தாண்டாது. சத்தியமா."

"அவன் உள்பக்கம் திரும்பியிருக்கணும். வெளியே போயிட்டான். ஆனாலும் தப்பு என்னுதுதான்."

அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. டுஃபெக் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

சாயங்காலம் அதே நாற்காலியில், தேர்வுக்கு வந்திருந்த மார்லோ. இவன் அடி தாங்குவானா என்று பார்க்க டுஃபெக்குக்கு நாக்கு துறுதுறுத்தது. சத்தியம் ஞாபகம் இல்லாமல் இல்லை. தொழிலில் இதெல்லாம் சகஜம் என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

"உன் டேரியனே எங்ககிட்ட சொல்லிட்டான்பா, நீதான் சொதப்பினேன்னு."

மார்லோவின் முகம் வெளுத்தது. "கண்ணு விஷயத்தையுமா சொல்லிட்டான்?"

டுஃபெக்கின் கூட்டாளி கிப்ஸ் மெதுவாக நிமிர்ந்தார். "என்ன கண்ணு?"

இனி மறைத்து என்ன பயன் என்று நினைத்தானோ என்னவோ, பையன் கொட்டிவிட்டான். செப்டம்பரில் பட்ட அடியில் இடது கண் மங்கிவிட்டது. சீசன் முழுக்க டேரியன்தான் யாருக்கும் தெரியாமல் அவனை இடது ஓரத்திலேயே நிறுத்தி, வலது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சைகை காட்டிக் காப்பாற்றியிருக்கிறான். கடைசி ஆட்டத்தில் அந்த ஒரு முறை மட்டும் அவசரத்தில் வலது ஓரத்துக்கு அனுப்பிவிட்டான். மங்கிய கண்ணுக்குச் சைகை தெரியவில்லை.

"அதான் இன்னைக்கு வரைக்கும் தன் தப்புன்னே சொல்லிட்டுத் திரிஞ்சான்," என்றான் மார்லோ. "இன்னைக்கு என்ன ஆச்சு அவனுக்கு?"

கிப்ஸ் அதற்குள் அணி டாக்டருக்கு ஃபோன் போட்டுவிட்டார். இந்த ஊரில் இப்படி ஒரு சேதி இரவுச் சாப்பாட்டுக்குள் எல்லா அணிக்கும் போய்விடும். மார்லோவை இனி எவனும் எடுக்கமாட்டான். கண்ணுக்கு வைத்தியம் பார்க்க வேண்டியதுதான் என்றாலும், அது இப்படியா தெரியவர வேண்டும்? ஐந்து வருஷமாக ஒரே அறையில் தூங்கியவர்கள் நடுவில் டுஃபெக் பச்சைத் துரோகத்தை வைத்துவிட்டார். அதே காட்சியை அவரும் ஐம்பது தடவை பார்த்திருப்பார். அந்தக் கண்ணை அவர் பார்க்கவில்லை.

லிஃப்ட் வாசலில் டேரியன் நின்றிருந்தான். மார்லோ அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் படிக்கட்டில் இறங்கிப் போனான். டுஃபெக்குக்குத் திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. பையன் தன் சட்டையைப் பிடித்து உலுக்கினாலாவது நிம்மதியாக இருக்கும் என்று அருகில் போனார்.

"தம்பி, நான் வந்து..."

டேரியன் அவரைத் திட்டவில்லை. கண் கலங்கியிருந்தது.

"என் தப்புதான் சார்," என்றான். "உங்களை நம்பியிருக்கக் கூடாது."