இறக்குற பட்டன்

படகுப் பட்டறையில் கரையேற்றி நிறுத்தியிருந்த படகின் மூக்கில் அக்கா மண்டியிட்டு, போல்ட்டின் தலையை ஸ்பானரால் அசையாமல் பிடித்திருந்தாள். தளத்துக்கு அடியில், சங்கிலி குவிந்துகிடக்கும் இருட்டறைக்குள் அவள் தம்பி மல்லாந்து படுத்து நட்டை முறுக்கினான். அந்தப் பொந்துக்குள் நுழையக்கூடிய உடம்பு பட்டறையில் அவன் ஒருவனுக்குத்தான் உண்டு. அதனால் எல்லோருக்கும் அவன் குச்சி.

"அக்கா, விட்றாத. இன்னும் ஒரு சுத்து."

"பிடிச்சுட்டுதான்டா இருக்கேன். கை மரத்துப்போச்சு."

"எனக்கு மூக்கு மரத்துப்போச்சு. இந்தப் பசை நாத்தத்துலயே வயிறு ரொம்பிடுச்சு, மத்தியானம் என் சாப்பாட்டையும் நீயே சாப்பிடு."

இருவருக்கும் நடுவே புது விஞ்ச் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. பட்டனை அமுக்கினால் நங்கூரத்தை இறக்கும், தூக்கும். இறுக்க இறுக்க அதன் அடியிலிருந்து, தண்ணீர் கசியாமலிருக்கப் பூசிய வெள்ளைப் பசை பிதுங்கியது. அக்கா விரலால் வழித்தெடுத்தாள். கேபினுக்குள், விஞ்சுக்குக் கரண்ட் போகும் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் சிவப்புத் துணி கட்டிவிட்டுத்தான் குச்சி உள்ளே இறங்கியிருந்தான். துணி கட்டியிருந்தால் தொடக்கூடாது. பட்டறையில் இது எல்லோருக்கும் தெரியும்.

கடைசி நட்டும் இறுகி, குச்சி சங்கிலியின் நுனியை உள்ளே வளையத்தில் கட்டத் தொடங்கியபோது, படகின் சொந்தக்காரர் விருந்தாளிகளோடு ஏணியேறி வந்தார். பின்னாலேயே பட்டறை மேனேஜர்.

"வேலை முடிஞ்சுதா? இவங்களுக்கு விஞ்ச்ச ஓட்டிக் காட்டணுமே."

"முடிஞ்ச மாதிரிதான் சார்," என்றார் மேனேஜர்.

"இல்ல சார், தம்பி உள்ள சங்கிலி கட்டிட்டிருக்கான்," என்றாள் அக்கா.

"சும்மா ஒரு தடவை ஓட்டினா ஒண்ணும் ஆயிடாது," என்றார் சொந்தக்காரர்.

மேனேஜர் கேபினுக்குள் போனார். சிவப்புத் துணியைப் பேன்ட் பாக்கெட்டில் திணித்தபடி வெளியே வந்தார். அக்கா எழுந்திருப்பதற்குள் சொந்தக்காரர் இறக்குற பட்டனை அமுக்கிவிட்டார்.

சங்கிலி கடகடவென்று இருட்டறையிலிருந்து விஞ்ச் வழியே வெளியே ஓடியது, பிறகு திக்கியது. கீழேயிருந்து எழுந்த சத்தம் மனிதக் குரல் போலவே இல்லை.

"கைய எடுங்கய்யா! அமுக்காதீங்க!" அக்கா பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டாள்.

குச்சியை இழுத்து வெளியே கிடத்தினார்கள். வலது கை விரல்கள் எது எங்கே என்று தெரியாமல் சங்கிலிக் கிரீஸும் ரத்தமுமாக இருந்தன. சொந்தக்காரரின் கார் ஏணிக்கு அருகிலேயே நின்றது. "ஐயோ, யாராவது சீக்கிரம் ஆட்டோ கூப்பிடுங்க," என்று அவர் பதறினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மேனேஜர் குனிந்து குச்சியின் காதில் சொன்னார். "வீட்ல ஆச்சுன்னு சொல்லிடு. உன் வேலைக்கு நான் பொறுப்பு." குச்சி கண்ணை மூடியபடி தலையாட்டினான்.

"எப்படி அடிபட்டுச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

"வீட்டுக் கதவுல நசுங்கிடுச்சு டாக்டர்," என்றார் மேனேஜர்.

"எந்த வீட்டுக் கதவு?" அக்காவின் குரலில் வார்டே திரும்பிப் பார்த்தது. "என் வீட்டுக் கதவா, உங்க வீட்டுக் கதவா? சுவிட்சுல கட்டியிருந்த துணிய அவுத்தது நீங்கதானே? இன்னும் உங்க பாக்கெட்லதான் இருக்கு. எடுத்துக் காட்டுங்க!"

மேனேஜரின் கை தானாகவே பாக்கெட்டைப் பொத்தியது. டாக்டர் அவரை வெளியே போகச் சொன்னார்.

இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் குச்சி அவளிடம்தான் எரிந்து விழுந்தான். "ஏன்க்கா வாயத் தொறந்த? கையும் போச்சு, இப்ப வேலையும் போச்சு."

"பொய் சொல்லியிருந்தா விரல் முளைச்சிருக்குமாடா?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்த பிறகு, அவனுடைய டூல்ஸை எடுத்துவர இருவரும் பட்டறைக்குப் போனார்கள். "உங்க ரெண்டு பேருக்கும் கேட்டத் தொறக்கக் கூடாதாம்மா. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல," என்றார் வாட்ச்மேன். டூல்ஸ் பெட்டி கேட்டின் கம்பி இடுக்கில் நுழையவில்லை. ஸ்பானர், சுத்தியல், உளி என்று ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். குச்சி பழக்கத்தில் கட்டுப்போட்ட கையை நீட்டி, பின்வாங்கி, இடது கையால் வாங்கினான்.

பட்டறைக்குப் பின்னால் தண்ணீரில் அந்தப் படகு நின்றது. யாரோ பட்டனை அமுக்க, சங்கிலி சரசரவென்று இறங்கியது. குச்சி தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"சத்தம் சுத்தமா இருக்குக்கா. ஒரு போல்ட்டும் ஆடல."

அக்கா கேட்டின் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். பூட்டு மட்டும் ஆடியது. அங்கே நங்கூரம் நீர் சொட்டச் சொட்ட மேலே வந்தது. விருந்தாளிகள் கைதட்டினார்கள்.