டயருக்கு அடியில் ஒரு கல்

போஸ்டரில் துப்பாக்கியோடு முறைக்கிற வேட்பாளர், எங்கள் வாசலில் ஜீப்பை விட்டு இறங்கியதும் முதலில் கும்பிடவில்லை. ஓரமாகக் கிடந்த கல்லைக் காலால் தள்ளிப் பின் டயருக்கு முட்டுக் கொடுத்தார். எங்கள் தெரு சரிவுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் டிரைவர் சீட்டில் வேறொருவன் உட்கார்ந்திருக்க, தலைவருக்கு எதற்கு அந்த வேலை?

நான் பஸ் கண்டக்டர். பழக்கதோஷத்தில் இதைச் செய்கிற டிரைவர்களைத் தினம் பார்க்கிறவள். எனக்கு எங்கேயோ இடித்தது.

போரில் என் தம்பியும் இவரும் ஒன்றாகச் சண்டை போட்டார்களாம். குண்டடிபட்ட தம்பி இவர் மடியில்தான் உயிரை விட்டானாம். நாட்டைக் காத்தவர் ஊரைக் காக்கமாட்டாரா என்று காலையிலிருந்து மைக் காதைக் கிழிக்கிறது. சாயங்காலம் அம்மா மேடையேறி, தம்பியின் பதக்கத்தை இவர் சட்டையில் குத்த வேண்டும். என்னைக்கூட அதைத் தொட விடாதவள், தலைகால் புரியாமல் உள்ளே புடவை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி குடிங்க" என்று கூடத்தில் வந்து உட்கார்ந்தவரிடம் சொம்பை நீட்டினேன். "அங்க துப்பாக்கி பிடிச்சீங்களா, ஸ்டியரிங் பிடிச்சீங்களா?"

"என்னக்கா, போலீஸ் மாதிரி கேக்கறீங்க?" என்று சிரித்தார்.

"டயருக்குக் கல்லு வைக்கறது எந்தச் சண்டையில கத்துக்கிட்டது?"

சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா இருந்த அறையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ரேஷன் லாரி ஓட்டினேன். பட்டாளத்துல இருந்தது நிஜம்க்கா. துப்பாக்கி, போஸ்டர் அடிச்சவங்க வேலை."

"என் தம்பி?"

"மலைப்பாதை. லாரிக்குப் பின்னாடி நின்னு மூட்டை இறக்கிட்டு இருந்தான்." சொம்பைக் கீழே வைத்தார். "அன்னிக்கு ஒருநாள் நான் கல்லு வைக்கலக்கா. வண்டி உருண்டுடுச்சு."

"அடப்பாவி!"

"மடியில உயிர் போனது மட்டும் பொய்யில்லக்கா."

அம்மா பதக்கத்தைப் பொத்திப் பிடித்தபடி வெளியே வந்தாள். "கிளம்பலாமாப்பா?" அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று! வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

வாசலுக்குப் போய் அந்தக் கல்லை எடுத்துவந்து அவர் கையில் வைத்தேன்.

"மேடைக்கு இதையும் கொண்டுவாங்க. அம்மா பதக்கம் குத்தறதுக்கு முன்னாடி இது என்னன்னு நீங்க சொல்லணும். இல்லன்னா நான் சொல்லுவேன்."

"என்னடி கல்லு அது?" என்றாள் அம்மா.

"அவரே சொல்லுவாரும்மா."