துணுக்கு மாமாவின் மீன் ஆராய்ச்சி

ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்பது அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்குக்கூடத் தெரியும். வோம்பேட் என்றொரு பிராணி பகடைக்காய் மாதிரி சதுரம் சதுரமாகப் புழுக்கை போடும் என்பதும் தெரியும். எல்லாம் துணுக்கு மாமாவின் உபயம். மற்றவர்கள் பல் துலக்கி முடிப்பதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவருடைய சரக்கு வந்து உட்கார்ந்திருக்கும். ஒரு விநோதச் செய்தி, ஒரு அறிவியல், கடைசியில் ஒரு சிரிப்பு. இணையத்தில் கண்ணில் பட்டதை அப்படியே தள்ளிவிடுகிற ஆள் இல்லை அவர். யார் சொன்னது, எங்கே வந்தது என்று நாலு இடத்தில் துழாவிப் பார்த்து, சரியென்று பட்டால்தான் தன் நடையில் எழுதுவார். வதந்தி ஒன்றை அனுப்பிவிட்ட சித்தப்பாவை ஒருமுறை குழுவில் வைத்தே வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். பாவம், சித்தப்பா அதற்கப்புறம் 'காலை வணக்கம்' அனுப்புவதற்குக்கூட யோசித்தார்.

"ஆக்டோபஸ் எப்படிக் குடும்பம் நடத்துதுன்னு எல்லாம் தெரியுது. நம்ம வீட்டுக் குழாய் ஒழுகறது மட்டும் கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது" என்பாள் அவர் மனைவி. மாமா காதில் வாங்கிக்கொள்ள மாட்டார்.

இவ்வளவு உண்மை விளம்பி வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்தார் என்று கேட்டால் சிரிப்புதான் வரும். பொய் சொன்னார். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் அவசர அழைப்பு மேசை அவருடையது. லிஃப்ட் பாதியில் நின்றுபோய் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் மணிப் பொத்தானை அமுக்கினால் இவர் காதில்தான் ஒலிக்கும். "பயப்படாதீங்க சார், அஞ்சு நிமிஷத்துல ஆள் வந்துடுவார்" என்பார். ஆளோ அந்நேரம் நகரத்தின் மறுகோடியில் வேறொரு லிஃப்டின் தலையில் ஏறி உட்கார்ந்து எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பார். உள்ளே இருப்பவர் "சரி" என்பார். அந்தச் சரிக்கு நம்பிக்கை என்று அர்த்தமில்லை. வேறு வழியில்லை என்று அர்த்தம். மாமாவுக்கு அது நன்றாகத் தெரியும். உடனே பேச்சை மாற்றி, "சார், ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார். மூச்சு முட்டுகிறது என்று கத்தியவர்கள்கூட வோம்பேட் புழுக்கையில் சமாதானமாகியிருக்கிறார்கள்.

வேலையில் சொல்வது வேறு, வீட்டாருக்கு அனுப்புவது வேறு என்று அவர் கறாராகத்தான் இருந்தார். அத்தான் போகும்வரை.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். ஒரு நாள் மத்தியானம் மீன்தொட்டியைக் கழுவிவிட்டு, கை துடைக்கத் துண்டு கேட்டவர், அக்கா துண்டோடு வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் கடைசியாகத் தண்ணீர் மாற்றிய அந்தத் தொட்டியும், அதில் கொழுத்துத் திரிந்த தங்கமீன்களும் கூடத்தில் அப்படியே இருந்தன. அக்காதான் பழைய அக்காவாக இல்லை. சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்பாள். அடுப்பு சில்லிட்டுக் கிடக்கும். ஒரே மகள் வெளியூரில் வாழ்க்கைப்பட்டு, பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். அம்மா வாயே திறக்கவில்லை என்று தினமும் மாமாவிடம் போனில் அழுதாள். மாமா தன்னால் முடிந்ததைச் செய்தார். அதாவது, அக்காவைச் சிரிக்கவைக்கும் என்று தோன்றிய துணுக்குகளாகப் பொறுக்கி எடுத்து அனுப்பினார். அவளிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம்கூட வரவில்லை.

பிறகு ஒரு காலையில் மழை கொட்டியது. நகரத்தில் பாதி லிஃப்ட் படுத்துவிட்டது. மாமாவுக்குத் தேட நேரமில்லை. ஒரு அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவில், கைபேசியைத் தொடையில் வைத்துக்கொண்டு, அவர் பாட்டுக்கு எழுத ஆரம்பித்தார். 'வளர்ப்பு மீன்களுக்குத் தங்களை வளர்த்தவரின் முகம் ஆயுசுக்கும் மறப்பதில்லையாம். அவருடைய படத்தைக் கண்ணாடிக்கு வெளியே வைத்தால் நீந்தி வந்து பார்க்குமாம். வெளிநாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.' எழுதியதைப் படித்தார். நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் காரம் சேர்க்கலாம் என்று இன்னொரு வரியும் போட்டார். 'பழகிய முகம் எதிரில் இல்லாவிட்டால் சில மீன்கள் பட்டினி கிடந்து செத்தே போகுமாம்.' அனுப்பிவிட்டு, "பயப்படாதீங்கம்மா, அஞ்சு நிமிஷம்" என்று அடுத்தவருக்குப் பதில் சொல்லப் போய்விட்டார். இரண்டையும் ஒரே குரலில்தான் செய்தார். அதுதான் அவருக்குப் பிற்பாடு உறைத்தது.

சாயங்காலம் அக்காவே கூப்பிட்டாள்.

"டேய், அந்த மீன் விஷயம் நிஜமா?"

அவள் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அந்த சந்தோஷத்தில் மாமாவுக்கு நாக்கு தானாகப் புரண்டது. "நிஜம்தான்க்கா. நான் என்னிக்கு உனக்குப் பொய்யா அனுப்பியிருக்கேன்?"

"உங்க அத்தான் படத்தைத் தொட்டிகிட்ட வெச்சேன்டா. ஓடி வந்து பாக்குதுடா எல்லாம். அந்த வெள்ளை வால்காரன் இருக்கானே, நகர மாட்டேங்கறான்."

மனிதர் நிழல் பட்டாலே தீனி என்று மீன் ஓடிவரும் என்று சொல்ல மாமாவுக்கு வாய் வரவில்லை. அடுத்த வாரம் போய்ப் பார்த்தபோது அக்கா தலை வாரியிருந்தாள். தொட்டிக்குப் பக்கத்தில் சட்டம் போட்ட அத்தான் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே நாற்காலி போட்டு, மடியில் தட்டை வைத்துக்கொண்டு அக்கா சாப்பிட்டாள். "நீ அனுப்புனதுலயே உருப்படியான விஷயம் இதுதான்டா" என்றாள். மாமா தலையை ஆட்டினார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தானே மெச்சிக்கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குற்ற உணர்ச்சி என்பது அன்றைக்கு அவருக்குக் கொசுக்கடி அளவுக்குத்தான் இருந்தது.

கொசு யானையானது மகளின் பிரசவம் நெருங்கியபோது. டாக்டர் அவளைப் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மா வந்து கூட இருக்க வேண்டும். அக்கா போகவில்லை.

"மாமா, அம்மா என்ன சொல்றாங்க தெரியுமா? மீன் பட்டினி கிடக்குமாம். நான் இங்க ரத்தக்கொதிப்போட படுத்துக் கிடக்கேன், அவங்களுக்கு மீன் பெருசா போச்சு" என்று மகள் போனில் வெடித்தாள். "நீங்கதான் ஏதோ அனுப்புனீங்களாமே?"

 மாமா அன்றைக்கே அக்கா வீட்டுக்கு ஓடினார்.

"நான் வந்து தினமும் தீனி போடறேன்க்கா. நீ கிளம்பு."

"உன் முகம் அதுங்களுக்குத் தெரியாதே. நீதானே எழுதுன, செத்தே போகும்னு?" அக்காவின் கண் கலங்கிவிட்டது. "அவ என் வயித்துல பொறந்தவ. எனக்கு ஓடணும்னு இல்லையா? ஆனா அவர் விட்டுட்டுப் போன உசுருடா இது. இதையும் சாகவிட்டுட்டுப் போகச் சொல்றியா?"

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்த நாற்காலிக்கு முன்னால், 'அக்கா, அது நானா எழுதினது' என்று ஒரே வரியில் முடிந்திருக்கும். மாமா வாயைத் திறக்கவும் செய்தார். அக்கா அதற்குள் தொட்டியைத் தொட்டு, "பாருங்க, உங்க மச்சினன் வந்திருக்கான்" என்று படத்திடம் சொன்னாள். மாமா மென்று முழுங்கிவிட்டு வெளியே வந்தார்.

மறுநாள் காலை குழுவில் இரண்டாவது ஆராய்ச்சி வந்தது. 'முந்தைய கண்டுபிடிப்பு தவறு என்று விஞ்ஞானிகள் ஒப்புக்கொண்டார்கள். மீன்களுக்கு எந்த முகமும் நினைவில் நிற்பதில்லையாம். தீனி போடுகிற கை எதுவானாலும் ஒன்றுதானாம்.' இதுவும் அவருடைய சொந்தச் சரக்குதான். ஆனால் காரியம் முக்கியம் என்று நினைத்தார். லிஃப்டில் மாட்டியவரை முதலில் வெளியே கொண்டுவர வேண்டும், மற்றதெல்லாம் பிறகு.

காரியம் நடந்தது. அக்கா அன்றைக்கே பெட்டியைக் கட்டினாள். வீட்டுச் சாவியைக் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "தீனி டப்பா மேலேயே இருக்கு" என்றாள், அவ்வளவுதான். அந்த வாரக் கடைசியில் பேத்தி பிறந்தாள். தாயும் குழந்தையும் சுகம் என்று குழுவில் செய்தி வந்ததும் ஆளாளுக்குப் பூங்கொத்துப் படம் அனுப்பினார்கள். மாமாவும் அனுப்பினார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று மனைவியிடம் சொன்னபோது அவள், "அப்புறம் ஏன் மூஞ்சி இப்படித் தொங்குது?" என்று கேட்டாள்.

அதுவரை தீனி போட மனைவியையே அனுப்பிக்கொண்டிருந்தவர், மறுநாள் தானே போய்க் கூடத்தில் அப்படியே நின்றுவிட்டார். தொட்டிக்குப் பக்கத்தில் படம் இல்லை. நாற்காலி சாப்பாட்டு மேசைக்கே திரும்பிப் போயிருந்தது. உள்ளறையில் தேடினால், அலமாரியில் மடித்த போர்வைகளுக்கு மேல் அத்தான் மல்லாந்து கிடந்தார். சிரிப்பு மட்டும் மாறவில்லை. மாமா அந்தப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். அவளை வெளியே கொண்டுவந்ததாக அல்லவா நினைத்தோம் என்று இருந்தது அவருக்கு. அவள் இரண்டாவது தடவையாகக் கணவனை வழியனுப்பியிருக்கிறாள். இந்தத் தடவை அனுப்பிவைத்தது நான்தான் என்று புரிந்தது.

வாசலில் மணி அடித்தது. வாளியும் வலையுமாக ஒருவர் நின்றிருந்தார்.

"மீன் கடையிலிருந்து வர்றேன் சார். அம்மா எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க. தொட்டியோட."

"யாரு, அக்காவா?"

"ஆமா சார். ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே பேசிட்டாங்க. வெறும் மீன்தானே, யார்கிட்ட இருந்தா என்னன்னாங்க."

கடைக்காரர் சட்டையை மடித்துவிட்டு வலையைத் தண்ணீரில் விட்டார். வெள்ளை வால்காரன்தான் முதலில் மாட்டினான். "விடுங்க! விடுங்க அதை!" என்று மாமா போட்ட கூச்சலில் கடைக்காரர் வலையைக் கைவிட்டுவிட்டார். மாமா ஒரு கையில் படமும் மறுகையில் கைபேசியுமாக அக்காவைக் கூப்பிட்டார்.

"என்னடா?" பின்னால் குழந்தை சிணுங்கியது.

"அக்கா, மீனைக் குடுக்காத. அந்த ரெண்டாவது ஆராய்ச்சி பொய். நான் எழுதுனது. உன்னை ஊருக்கு அனுப்பணும்னு எழுதுனேன்."

"அப்ப முதல்ல வந்தது?"

இங்கேயும் நிறுத்திக்கொள்ள ஒரு வழி இருந்தது. முதலாவது நிஜம் என்று சொன்னால் போதும், படம் பழைய இடத்துக்கு வந்துவிடும். மாமாவின் நாக்கு நுனி வரை அந்த 'நிஜம்' வந்தது.

"அதுவும் நான்தான்க்கா எழுதுனேன். நீ சாப்பிடாம கிடந்தியே, எனக்கு வேற எதுவும் தெரியல. தப்புதான். பெரிய தப்பு."  கடைக்காரர் நாசூக்காகச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

 குழந்தையை யாரோ வாங்கிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

"சித்தப்பாவை அன்னிக்கு என்ன பேச்சு பேசுன?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

"சரி, விளையாட்டெல்லாம் விட்டுட்டுச் சொல்லு. உங்க அத்தானை அதுங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"உண்மையாத் தேடிப் பாத்தேன்க்கா, ராத்திரி பகலா. வேற ஏதோ ஒரு ஜாதி மீனுக்கு மனுஷ முகத்தை அடையாளம் கண்டுக்கத் தெரியும்னு ஒரு ஆராய்ச்சி இருக்கு. நம்ம மீனைப் பத்தி, போனவங்க படத்தைப் பாக்குமான்னு, எவனும் எழுதல. யாருக்கும் தெரியாது."

"யாருக்கும் தெரியாதா?"

"தெரியாது."

"கடைக்காரர்கிட்ட போனைக் குடு."

கடைக்காரர் கேட்டுக்கொண்டார். "பரவால்லம்மா, பேத்தி பொறந்திருக்கு, நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு, வலையை உதறி, வெறும் வாளியோடு படியிறங்கினார்.

"படத்தை எடுத்து முன்னாடி இருந்த இடத்துல வை" என்றாள் அக்கா. "கொஞ்சம் சாய்ச்சு வை, இல்லேன்னா லைட்டு பட்டு மறைக்கும்."

மாமா வைத்தார். மீன்கள் வந்தன. படத்துக்கு வந்தனவா, அவர் கைக்கு வந்தனவா என்று அவருக்குத் தெரியவில்லை. வந்தன என்று மட்டும் சொன்னார்.

"ம்" என்றாள் அக்கா. போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தார். அவள் வைக்கவில்லை.

"டேய்."

"சொல்லுக்கா."

"ஆக்டோபஸுக்கு மூணு இதயம்னு அனுப்புனியே. உங்க அத்தான் அதைப் போற வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சார். என் மச்சினன் சொன்னான், என் மச்சினன் சொன்னான்னு. அதுவாவது நிஜமா?"

"நிஜம்க்கா! சத்தியமா நிஜம்!" மாமாவின் குரல் கிட்டத்தட்ட அழுகையாக வந்தது. "எந்தப் புஸ்தகத்துல வேணும்னாலும் பாரு. மூணு இதயம்."

அந்தப் பக்கம் குழந்தை மறுபடி சிணுங்கியது.

"சரி" என்றாள் அக்கா.

அந்தச் சரியை அவர் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், அஞ்சு நிமிஷத்தில் ஆள் வந்துவிடுவார் என்று சொன்ன பிறகு, லிஃப்டுக்கு உள்ளேயிருந்து.