முகத்தை மூடிக்கொண்டு சொன்னது

குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர்கள் பேச்சுக்குக் காதை நம்புவதில்லை. நாற்பது தறி ஒரே கூரைக்குக் கீழே அடிக்கும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. பழகினவர்கள் நாலு தறிக்கு அப்பால் நிற்கிறவரின் உதட்டைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துவிடுவார்கள். பிடிபடாவிட்டால் கிட்டே போய்க் காதில் வாயை வைத்துக் கத்துவார்கள். சண்டை, சீட்டுப் பேச்சு, பெண் கேட்பது எல்லாம் இந்த இரண்டு வழியில்தான் நடந்தாக வேண்டும்.

சரிதா மாஸ்க் போட ஆரம்பித்ததும் முதல் வழி அடைபட்டுப்போனது. உதடு தெரியாததால் ஆளாளுக்கு அவள் வாய்க்கிட்டே காதைக் கொண்டுவந்தார்கள். எட்டி நிற்கட்டும் என்று போட்ட துணி ஊரையே கிட்டே கூப்பிட்டுவிட்டது. அவள் விதி அப்படி, வேறென்ன சொல்ல.

அவள் புருசன் மணிமாறனுக்கு மூன்று மாதத்துக்கு முன்பு கிட்னி மாற்றியிருந்தது. கொடுத்தது அவன் அம்மா. அந்தக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க மாத்திரை, அந்த மாத்திரையால் உடம்பில் எதிர்ப்பு சக்தி பாதி. “மத்தவங்களுக்கு மூணு நாள் சளிக்காய்ச்சல். இவருக்கு அதுவே நெஞ்சுல இறங்கிடும்” என்று கோயமுத்தூர் டாக்டரம்மா சொல்லியிருந்தார். பேசும்போதும் இருமும்போதும் மூச்சோடு வரும் பொடித்துளியில் கிருமி இருக்குமாம். காற்றோட்டம் இல்லாத அறையில் அது அப்படியே நிற்குமாம். சத்தம் போட்டுப் பேசினால் இன்னும் அதிகமாக வருமாம். சரிதாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டாக்டரம்மா தறிப்பட்டறையைப் பார்க்காமலே அச்சு அசலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பட்டறையில் ஜன்னல் திறக்கக் கூடாது. காற்றில் ஈரம் காய்ந்தால் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் பட் பட்டென்று அறும். ஒருநாள் அவள் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டாள். ஓனர் வந்து மூடிவிட்டு, “கொரோனாவே போயிருச்சு, நீ இன்னும் மகாராணியாட்டம் மூஞ்சிய மூடிக்கிட்டுத் திரியற” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வேலையை விட்டுவிட முடியாது, மாத்திரைக்கு யார் கொடுப்பார்கள்?

அதனால் தன்னால் ஆனதைச் செய்தாள். தடுப்பூசி போட்டுக்கொண்டாள். பன்னிரண்டு மணி நேரம் தறி ஓட்டிவிட்டு வந்து, வாசல் குழாயில் கைகால் முகம் கழுவி, சேலை மாற்றிய பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பாள். அவன் உள் அறையில், இவள் வெளியே. சோற்றுத் தட்டை நிலைப்படியில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வாள். தெருவில் எல்லாரிடமும் யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். படுத்தால் உடம்பு அடித்துப் போட்டதுபோல் வலிக்கும், தூக்கம் மட்டும் வராது.

பக்கத்துத் தறி கண்ணாத்தாளிடம்தான் அதிகம் சொன்னாள். ஐம்பத்தைந்து வயது, பாசக்காரி, எப்போதும் இருமல். “காய்ச்சல்னா வராதீங்கக்கா, எங்கூட்டுப் பக்கமும் வந்துராதீங்க” என்று மாஸ்க்குக்குள்ளிருந்து ஒரு மாதமாகக் கத்தினாள். கண்ணாத்தாள் ஒவ்வொரு தடவையும் பொறுமையாகத் தலையாட்டினாள். இவள் ஒருத்திக்காவது புரிகிறதே என்று சரிதாவுக்கு நிம்மதியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை கரண்டு போனது. நாற்பது தறியும் ஒன்றாக நின்றதில் பட்டறை திடீரென்று பெரிதாகிவிட்டது. முந்தின நாள் லீவு போட்டிருந்த கண்ணாத்தாள் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்கினாள்.

“ஏனுங்கக்கா, காய்ச்சலோட எதுக்கு வந்தீங்க?” என்று சரிதா தள்ளி நின்றே கேட்டாள்.

“ஆச்சு அம்முணி, காலைலயே சாப்ட்டேன்” என்று கண்ணாத்தாள் சிரித்தாள்.

ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. சரிதா சைகையில் அவளை வெளியே கூப்பிட்டாள். வேப்பமரத்தடியில் பத்தடி தள்ளி நின்று, மாஸ்க்கை இறக்கி, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். “காது கேக்கறதில்லைங்களா?”

உடனே பதில் வந்தது. “ஆறு வருசமாச்சு சாமி. ஓனருகிட்டச் சொல்லிப்போடாத. தறிச் சத்தம் மாறுறது தெரியலைன்னா வேலை குடுப்பாரா?”

“அப்ப நான் இத்தன நாளாச் சொன்னது?”

“மூஞ்சிய மூடிக்கிட்டு என்னமோ சொல்லுவ. ஊட்டுக்காரர நெனச்சுப் பொலம்பறேன்னு நெனச்சேன். பாவமா இருந்துச்சு. அதான் நேத்து லீவு போட்டுக் கோழி ரசம் வெச்சு, நானே கொண்டுபோய் அவருக்கு ஊத்திக் குடுத்துட்டு வந்தேன்.”

சரிதா மரத்தைப் பிடித்துக்கொண்டாள். கத்தலாம், அவளுக்குக் கேட்காது. வையலாம், உதட்டைப் பார்த்து எல்லாம் புரிந்துகொள்வாள். இரண்டுக்கும் தெம்பில்லை. விஷயத்தை மட்டும் உதட்டால் சொன்னாள். கண்ணாத்தாளின் முகம் சுண்டிப்போனது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

சரிதா அங்கேயே நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். நாலு வேளையும் காய்ச்சல் பாருங்கள், நூறைத் தாண்டினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் கூட்டி வாருங்கள் என்றார்கள்.

மறுநாள் சாயங்காலம் நூற்றி ஒன்று.

வாடகைக் கார் வந்தது. மணிமாறனைக் கைத்தாங்கலாக ஏற்றும்போது, தெருமுனையில் மாஸ்க் போட்டுக்கொண்டு கண்ணாத்தாள் நிற்பது தெரிந்தது. அவள் கிட்டே வரவில்லை. காரைக் காட்டினாள், தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள், என்னாலா என்று கையை விரித்தாள்.

சரிதா மாஸ்க்கை இறக்கினாள். “இல்லீங்கக்கா. போய்ப் படுங்க.”

அது நிஜமா பொய்யா என்று அவளுக்கே தெரியவில்லை. பட்டறையிலிருந்து கிருமியைக் கொண்டுவந்தது சரிதாவேயாகவும் இருக்கலாம்.

கார் ஜன்னல்களை எல்லாம் இறக்கச் சொல்லிவிட்டு, பழக்கப்படி அவனை விட்டுத் தள்ளி ஓரமாக உட்கார்ந்தாள். பவானிப் பாலத்தில் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது.

“அந்தக்காவ வையாத புள்ள” என்றான் மணிமாறன்.

“வையலீங்க.”

கொஞ்ச நேரம் இருமிவிட்டு அவனே சொன்னான். “என்ற கையைப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாங்க. ஆபரேசன் ஆனதுல இருந்து ஊட்ல என்னைத் தொட்டவங்க அவங்க ஒருத்தருதான்.”

உங்கள உசுரோட வைக்கத்தானே என்று சரிதாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. மூன்று மாதம் நிலைப்படிக்கு இந்தப் பக்கமே நின்றதில் அவன் இளைத்ததைக்கூட அவள் சரியாகப் பார்க்கவில்லை. மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு, நகர்ந்து அவனை ஒட்டி உட்கார்ந்தாள். அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அது கொதித்தது.