எழுத்து இல்லாத கட்டம்

1

இந்தக் கதை ஒரு பொய்யாகத்தான் பிறந்தது. மனைவியிடம் சொல்ல ஒரு பொய்யை எழுதிப் பார்த்தேன். இரண்டு வரிக்கு மேல் நிற்கவில்லை. நடந்ததையே எழுதுகிறேன். 'நான்' என்று போட்டால் கை ஓடவில்லை. ஆகவே, அவர்.

2

மகள் இறந்துபோன பிறகு அந்த வீட்டில்

(அடித்துவிட்டேன். அழவைக்கக் கடை விரிக்கிற வாக்கியம்.)

மனைவியின் போன் நிரம்பிவிட்டது. அதிலிருந்த மகளின் படங்களை, மகளின் கணினிக்கு மாற்ற வேண்டும். அங்கும் இடமில்லை. கம்ப்யூட்டர் கடைக்காரர் போனில் வழி சொன்னார்.

"டிஸ்க்குல கொஞ்சம் சும்மா கெடக்கும் அண்ணே. கட்டங்கட்டமா காட்டும். காலியா இருக்கறதுக்கு சி, டி மாதிரி ஒரு எழுத்து குடுத்து ஃபார்மட் பண்ணுங்க. மூட்டை தூக்கறதவிட லேசு."

3

திரையில் மூன்று கட்டங்கள். ஒன்றுக்குத்தான் எழுத்து இருந்தது. மற்ற இரண்டில் ஒன்றின் தலை கறுப்பு, இன்னொன்று நீலம். எழுத்து இல்லையென்றால் காலி என்று எண்ணினார்.* நீலம் பெரிதாக இருந்தது. கிடங்கில் சுமை அடுக்குகிறவர். பெரிய இடத்தையே எடுத்தார். உள்ளதெல்லாம் அழியும், சம்மதமா என்றது. இல்லாதது எப்படி அழியும்? சம்மதம் என்றார். படங்கள் முழுவதையும் அதில் ஏற்றினார்.

* நாற்பத்து மூன்று வயதுவரை அவருக்கும் எழுத்து கிடையாது. காலியாகவா இருந்தார்?

4

"நீலத்தையா? கறுப்புதான் காலி. நீலம்னா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம் அண்ணே. உங்க பொண்ணு வேற சிஸ்டம் போட்டு வெச்சிருந்துது. அதுக்கு இங்க எழுத்து காட்டாது. பாடிப் பாடிப் பதிவு பண்ணதெல்லாம் அதுலதான்."

"திருப்பி எடுக்கலாமா?"

"அதுமேலயே படத்த ஏத்திட்டீங்களே."

5

முடிவு ஒன்று: மனைவியிடம் சொல்லிவிடுகிறார். அவள்

(முடியவில்லை.)

முடிவு இரண்டு: படங்களைப் பார்த்து முடித்த மனைவி, முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்கிறாள்: "படத்துக்கு எடம் கெடச்சுது. இனி அவ பாடினத தேடுங்க. அதுக்குள்ளதான எங்கயோ இருக்கும்?"

"தேடறேன்."

இது நடந்தது. தினமும் வேலை விட்டு வந்து, குளித்து, கணினிமுன் உட்கார்ந்து தேடுகிறார்.

6

இப்போதும் பக்கத்தில்தான் இருக்கிறாள். "என்னமோ எழுதறீங்களே, என்னது?" என்கிறாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதினேன். உங்களுக்கு வாசிக்கத் தெரியும். வாய்விட்டுப் படிப்பதானால், கதவு திறந்துதான் இருக்கிறது; அவளுக்குக் கேட்கும்.