முழங்கால் வரை மூட்டம்

மூன்றாவது மாடி வேதநாயகம் இறந்த பிறகும் வீட்டிலேயேதான் இருக்கிறார். பேப்பர் படிப்பார், துணி மடித்து வைப்பார், மகள் நிலானிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். வெளியே மட்டும் வரமாட்டார். பேய்களுக்குப் பாதம் கிடையாது. அதில் அவருக்குக் கூச்சம்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஹாலோவீன் வந்தது. அப்பாக்கள் எல்லோரும் வெள்ளைப் போர்வை போர்த்திக்கொண்டு பேயாக வருவது என்று முடிவாகியிருந்தது.

"எங்கப்பாதான் நிஜப் பேய். அவர் வரலைன்னா நானும் வரமாட்டேன்" என்று நிலானி அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடவும் மறுத்தாள்.

எதிர்வீட்டுக்காரன் என்ற முறையில் அவள் அம்மா மரகதம் என்னிடம் வந்தார்.

"அண்ணா, தரையோட போற மாதிரி ஏதாச்சும் புகை பண்ணிக் குடுங்க. முழங்கால் வரைக்கும் மறைஞ்சாப் போதுமாமுங்க. எறங்கி வந்துருவாரு."

பரணில் கிடந்த பழைய இஸ்திரிப்பெட்டியைக் கவிழ்த்து வைத்துச் சூடாக்கினேன். மருந்துக்கடைக் கிளிசரினைத் தண்ணீரில் கலந்து அதன்மேல் சொட்டுச் சொட்டாக விட்டேன். செத்துப்போன கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய குட்டி விசிறி புகையை ஊதித் தள்ளியது.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஒத்திகை பார்த்தோம். புகை நேராக மேலே போய் வேதநாயகத்தின் தலையை மறைத்தது. கீழே பாதம் இல்லாதது பளிச்சென்று தெரிந்தது.

"மூஞ்சியக் காட்டறதுல எனக்கொண்ணும் கூச்சமில்லீங்க தம்பி" என்று புகைக்குள்ளிருந்து சொல்லிவிட்டு அவர் உள்ளறைக்கு மிதந்துபோனார். நிலானியின் கதவு திறக்கவில்லை.

சூடான புகை எழும்பும், குளிர்ந்தால் படுத்துக்கொள்ளும். மீன்கடையில் வேண்டாமென்று எறிந்த தெர்மோகோல் பெட்டியை எடுத்துவந்து ஐஸ் நிரப்பினேன். வாஷிங் மெஷினின் பழைய குழாயைச் செருகி, புகையை அதற்குள் அனுப்பினேன். மறுபக்கத் துளை வழியே வந்த மூட்டம் தரையில் தவழ்ந்து, விழா நடக்கும் கார் நிறுத்துமிடம் முழுக்கப் பரவியது. முழங்கால் உயரத்துக்கு வந்து நின்றது. லேசாக வஞ்சிரம் வாசம் அடித்தது.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வேதநாயகம் இறங்கி வந்தார். எல்லோரும் நலம் விசாரித்தார்கள். பாட்டுப் போட்டதும் முதலில் ஆடியவர் அவர்தான். நிலானி தோசையை மென்றுகொண்டே அவரைச் சுற்றிச் சுற்றி ஆடினாள். சிறந்த பேய்க்கான பரிசு இரண்டாவது மாடி குமணனுக்குப் போனது. போர்வை சுத்தமாக இருந்ததாம். வேதநாயகம் பலமாகக் கைதட்டினார்.

ஐஸ் கரைந்து மூட்டம் விலகியபோது, கார்களுக்கு நடுவே ஒரு பயணிகள் ரயில் நின்றுகொண்டிருந்தது.

ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "பனியில வழி தெரியலீங்க. அதான் நிறுத்திட்டேன். இப்பக் கெளம்பலாங்களா?"

"ஒரு நிமிஷம்" என்றேன்.

ஜன்னல்களில் குழந்தைகள் தாகமென்று அழுதன. வேதநாயகம் குடத்தைத் தூக்கிக்கொண்டு பெட்டி பெட்டியாகப் போய்த் தண்ணீர் கொடுத்தார். அவருக்குக் கீழே வெறும் தரை தெரிந்தது. அவர் குனிந்தே பார்க்கவில்லை.

நான் என் ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்தினேன். காவலாளி கேட்டின் இரண்டு கதவுகளையும் திறந்துவிட்டார்.